தொண்டர்க்கு ஒரு கையேடு: வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்'

திருச்சபைத் தொண்டில் இறங்குவோர் எந்நூல்களைக் கற்றல் வேண்டும் என வினவினால், ஆங்கிலத் தலைமைப் பயிற்சி நூல்களே இன்று பெரிதும் பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயினும், இப்பொருள் பற்றித் தமிழிலேயே 1727ஆம் ஆண்டளவில் ஓர் உரைநடை நூல் தோன்றியதைத் தமிழாசிரியரும் மறந்துவிடலாகாது. அதுவே வீரமாமுனிவரின் 'வேதியர் ஒழுக்கம்'.

'வேதியர்' என்பது ஈண்டு அந்தணரைக் குறிப்பதன்று. மறைபயிற்றும் உபதேசியாரைக் குறிக்கும் கத்தோலிக்க வழக்கு. குருமார் சிலர், ஊர்களோ பல. குரு வந்துசேர நெடுநாள் ஆகும் சிற்றூர்களில் ஞானோபதேசம் கற்பித்தவரும் நோயாளரைக் கண்டவரும் இவர்களே. இவர்தம் ஒழுக்கமே சபையின் ஒழுக்கமாயிற்று. ஆதலின், பிறரைத் திருத்தப் புகுவோன் முதற்கண் தன்னைத் திருத்திக்கொள்க என்பதே நூலின் உயிர்நிலை.

'தேம்பாவணி'யின் 3,615 பாடல்களைப் போற்றுவோர் இவ்வுரைநடையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். இது முறையன்று. ஊழியர்க்கு எழுதுகிறோம் என்பதற்காக முனிவர் நடையைத் தளர்த்தவில்லை. செம்மையான தமிழையே அவர்க்கும் அளித்தார். கற்போரை மதிக்கும் ஆசிரியர்தம் இயல்பு அது.

இந்நூலுடன் 'பரமார்த்த குரு கதை'யையும் இணைத்துப் படித்தல் நன்று. 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சான அக்கதையை வெறும் நகைச்சுவை எனத் தள்ளுவாருளர். ஆற்றைக் கடந்த சீடர் தம்மை எண்ணுங்கால், எண்ணுவோன் தன்னை விட்டுவிட்டு, ஒருவன் ஆற்றோடு போயினான் என்று அழுகின்றனர். பிறரையெல்லாம் கணக்கிட்டுத் தன்னை மறக்கும் தலைவனுக்கு இதனினும் பொருந்திய உவமை வேறில்லை. ஒரு நூல் விதிப்பதை மற்றொன்று எள்ளி உணர்த்துகிறது.

குறையும் கூறுதல் வேண்டும். முனிவர் காலம் சமயப் பூசல் மிக்க காலம். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து 'வேத விளக்கம்' எழுதியவரும் அவரே. மேலும், தலைவர் தொண்டர்க்கு எழுதிய நூலில் தொண்டர்தம் குரலைக் காண்டல் அரிது. அக்குறையை நிறைக்க வேதநாயகம் அசரியாவின் வரலாற்றைக் கற்றல் தகும். வெள்ளாளன்விளையிற் பிறந்த அத்தமிழர், 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிமார் இந்தியரிடம் நட்புக் காட்டுதல் வேண்டுமென அவர்கள் முன்னிலையிலேயே வற்புறுத்தினார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். அதிகாரத்தை நோக்கி அன்புடன் வினவுதலும் தலைமைப் பண்பே.

பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் கலைய, மக்கள் ஈப்போ முதலிய நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். வாரநாட்களில் வேறு தொழில் புரிந்து, ஞாயிறன்று சபையை நடத்தும் இல்லறத்தாரும் இன்று உளர். அன்றைய வேதியரின் வழித்தோன்றல்கள் இவர்களே. இந்நூலின் பழஞ்சொற்கள் அவர்க்குக் கடினமாகலாம். தமிழாசிரியர் உடனிருந்து, வாரம் ஒரு பகுதியாக விளக்கின் அத்தடை நீங்கும். எச்சமயத்தவராயினும் தமிழ் கற்பிப்போர்க்கு இஃது உரிய பணியேயாம்.