தரைக்குக் கீழே இன்னொரு பாரிஸ்

பாரிஸ் நகரத்துப் பாதாளச் சாக்கடைக்குள் தெருப் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. மேலே என்ன தெருவோ, அதே பெயர்தான் கீழே சுரங்கச் சுவரிலும். 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வலைப்பின்னலில் தொழிலாளர்கள் வழி தவறாமல் போக இது உதவுகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வலைப்பின்னலைத் திட்டமிட்டவர் பொறியாளர் யூஜீன் பெல்க்ரான். பெரிய சுரங்கங்களில் கழிவுநீர்க் கால்வாயின் ஓரமாக ஆள் நடந்துபோக மேடை விட்டிருக்கிறார். இறங்குகிற மனிதனையும் நினைத்துக் கட்டிய கட்டுமானம். என்னை அதிகம் கவர்ந்தது தூர்வாரும் முறை. ஸேன் ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் முழுக்க நீர் நிறைந்திருக்கும். ஆள் நுழைய முடியாது. அதனால் குழாயைவிடச் சற்றே சிறிய உருண்டை ஒன்றை உள்ளே விடுகிறார்கள். பின்னால் அழுத்தம் கூடிய நீர், உருண்டைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் சீறிப் பாய்கிறது. அடியில் படிந்த மணலெல்லாம் கிளம்பி முன்னே ஓடிவிடும். சாக்கடை நீரையே துப்புரவு வேலைக்கு வைத்துக்கொண்ட மூளையை என்னவென்று சொல்வது!

1860களில் நாதார் என்ற புகைப்படக் கலைஞர் மின்விளக்கோடு இங்கே இறங்கிப் படமெடுத்தார். ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடித்ததால், ஆட்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தினார்.

அல்மா பாலத்தருகே உள்ள சாக்கடை அருங்காட்சியகத்தில் அந்த உருண்டையைக் கிட்டத்தில் பார்க்கலாம். வாடை இருக்கும், அதற்காகத் தவறவிடாதீர்கள்.