பெருந்தண்ணீரில் ஒரு துடுப்பு

ஒகேனக்கல் பரிசல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அருவிச் சாரலும், நடு ஆற்றில் வேடிக்கைக்காகச் சுற்றிவிடும் சுற்றும், கரையேறியதும் தின்னும் மீன் வறுவலும்தான். சினிமாவும் அப்படியே காட்டிப் பழக்கிவிட்டது. என்னைக் கேட்டால், பரிசலின் அருமை தெரிய அதை மீன்பிடிப் படகாகப் பார்க்க வேண்டும். அதிலும் காவிரியில் தண்ணீர் கூடி ஓடும் நாட்களில் பார்க்க வேண்டும். ஆறு மெலிந்து கிடக்கும்போது யாரும் துடுப்புப் போடலாம். தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் கைக்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், அது மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளில் வந்து முட்டுகிறது. 2018-இல் வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைக் கடந்தது. அப்போது அருவிகளே கண்ணுக்குத் தெரியாது. பாறைகளின் மேல் ஒரே சமமாக வெள்ளம் ஓடும். மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும், குளிக்கவும் தடை போடும். அந்த வெள்ளத்தில் எந்தக் கலைக்கும் வேலையில்லை. கலைக்குரிய காலம் அதற்குப் பிறகு வருகிறது. தடை நீங்கி, தண்ணீர் இன்னும் உயரமாகவே இருந்து, மெல்ல இறங்கத் தொடங்கும் நாட்கள் அவை. செம்மண் கலங்கல் தெளிந்து நீரில் பச்சை தட்டும். மீன் பிடிப்பவர்கள் காத்திருப்பது இந்த நிறத்துக்குத்தான்.

அந்தத் தண்ணீருக்குள் போகப் பரிசலை விடப் பொருத்தமான படகு இல்லை. மூங்கிலைப் பிளந்து பின்னிய வட்டக் கூடு அது. முன்பு எருமைத் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். நாலைந்து பேர் உட்கார்ந்தாலும் சொற்ப ஆழம்தான் நீரில் அமிழும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை எதுவும் இல்லாததால் மூழ்கிய பாறையின் தலைக்கு மேலேயே வழுக்கிப் போய்விடும். மூங்கில் வளைந்து கொடுக்கும் என்பதால் பாறையில் உரசினாலும் உடனே உடையாது. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கூடை போன்ற இந்த வட்டப் படகுகளைக் குறித்து வைத்திருக்கிறார். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டெய்வி ஆற்றில் மீன் பிடிப்பவர்களும் இதன் உறவுப் படகிலேதான் போகிறார்கள். இரண்டு படகுகள் நடுவில் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தோடு இறங்குவது அவர்கள் முறை. பாறையும் ஓட்டமும் உள்ள ஆறுகளில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள்.

வட்டப் படகுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விட்டால் தானாகச் சுழலும். அதை நேரே செலுத்துவது ஒற்றைத் துடுப்பின் வேலை. பரிசல்காரர் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பைத் தனக்கு முன்னால் இறக்கித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். வலப்பக்கம் இழுத்ததால் வந்த திருப்பத்தை இடப்பக்க இழுப்பு அடுத்த கணமே நேராக்குகிறது. தேர்ந்த கையில் இந்த இரண்டும் ஒன்றாகி, சுழற்சி என்பதே தெரியாமல் போய்விடும். பெருந்தண்ணீரில் இன்னொன்றையும் கவனிக்கலாம். நல்ல பரிசல்காரர் அதிகம் துடுப்புப் போடமாட்டார். ஓட்டம் எங்கே தள்ளும், பாறைக்குப் பின்னால் எங்கே தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவார். அந்தத் திருப்பத்தின் விளிம்பில் இரண்டே இழுப்பு. பரிசல் வெள்ளத்தை விட்டு விலகி அசையாத நீரில் போய் நிற்கும். மேலே ஏற வேண்டுமானால் கரையோரத்து மந்த நீரையே படியாக வைத்து ஏறுவார். அதற்கும் வழியில்லாத இடத்தில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாறை வழியே நடப்பார்.

மீன் நிற்பதும் அதே இடங்களில்தான். தண்ணீர் உயர்ந்தால் நடு ஆற்றில் நிற்க மீனுக்கும் தெம்பு போதாது. ஓட்டத்தை எதிர்த்து வீணாக நீந்தாமல், ஆனால் ஓட்டம் கொண்டுவரும் இரையை விடாமல் பிடிக்கும்படி, வேக நீரும் மந்த நீரும் உரசும் கோட்டில் அது நிற்கும். பாறையின் நிழல் பக்கம், மூழ்கிய புதரின் ஓரம், நேற்று வரை தரையாக இருந்து இன்று முழங்கால் ஆழம் ஏறிய புல்வெளி ஆகிய இடங்களில் மண்புழுவும் பூச்சியும் மிதந்து வரும். “தண்ணி இறங்குதுங்க, ஓரத்துல பாருங்க” என்று பரிசல்காரர் சொல்வதில் ஆற்றின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. புதிதாக வந்தவர் கண்ணை நடு ஆறு இழுக்கும். தெரிந்தவர் கண் கரையை விட்டு அகலாது.

ஒருவர் துடுப்பில் இருக்க, மற்றவர் எழுந்து நின்று வீச்சு வலை எறிவதைப் பார்த்தால் இந்தக் கூட்டு வேலையின் அழகு புரியும். எறியும் வேகத்தில் பரிசல் பின்வாங்கும். அதை முன்பே உணர்ந்து துடுப்பு ஒரு இழுப்பு கொடுக்கும். வலை முழு வட்டமாக விரிந்து விழுவதும் சுருண்டு விழுவதும் அந்த ஒரு இழுப்பில் இருக்கிறது. கீழே ஒட்டனூர், நாகமரைப் பக்கம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தொடங்கிவிட, ஆட்டமே மாறுகிறது. 1934-இல் முடிந்த அந்த அணை, ஆற்றின் ஓட்டத்தை அங்கே ஏரியாக்கிவிட்டது. அங்கே பரிசலில் போய் வலையைக் கட்டிவிட்டு வந்து, விடிந்ததும் எடுக்கிறார்கள். பொறுமை வேண்டிய தொழில்தான். ஆனாலும் என் மனம் ஓட்டத் தண்ணீரிலேயே நிற்கிறது.

ஃப்ளை ஃபிஷிங் என்ற முறையும் காவிரிப் பரிசலுக்கு அந்நியமில்லை. இறகும் நூலும் முடியும் கொண்டு கட்டிய பொய்ப் பூச்சியை முள்ளில் வைத்து எறிவது அது. பொய்ப் பூச்சிக்கு எடை மிகக் குறைவு. கனமான கயிறுதான் காற்றில் வளைந்து அதைச் சுமந்து போகிறது. உயர்ந்த நீரில் இதன் விதிகள் மாறும். கலங்கலில் தெரிய வேண்டுமென்றால் பொய்ப்பூச்சி பெரிதாகவும் கருத்தும் இருக்க வேண்டும். கயிறு அமிழும் வகையாக இருக்க வேண்டும். பரிசலில் எழுந்து நின்று பின்னால் நீளமாக வீச இடமில்லாததால், உட்கார்ந்தபடியே கயிற்றைத் தண்ணீர் மேல் உருட்டி எறிய வேண்டும். அப்படி எறிந்த பூச்சி ஒரு முழம் தள்ளி விழுந்தாலும் ஓட்டம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே எறிபவரின் திறமையில் பாதிக்கு மேல் துடுப்புக்காரருடையது. பரிசலைச் சுழலாமல் நிறுத்துவதும், சரியான கோணத்தில் காட்டுவதும், மீன் முள்ளைக் கவ்வி ஓடும்போது பின்னாலேயே இறங்குவதும் அவர்தான். தூண்டில்காரர்களின் புத்தகங்களும் படங்களும் தூண்டில் பிடித்தவரையே முன்னால் நிறுத்துகின்றன. இந்த வரிசையை நான் ஏற்கவில்லை.

காவிரியின் பெரிய மீனைத் தேடி வெளிநாட்டார் வரத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளாகின்றன. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் கலை பற்றி எழுதிய நூல் மாசீர் மீனை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் பிடித்த மாசீர் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. 1970-களின் கடைசியில் வந்த ஆங்கிலேயத் தூண்டில்காரர்களுக்குப் பிறகு பீமேஸ்வரி, கலிபோரே ஆகிய கர்நாடக முகாம்கள் புகழ்பெற்றன. அங்கும் தூண்டில்காரர்கள் ஏறியது பரிசலில். ஆற்றைப் படித்துச் சொன்னவர்கள் உள்ளூர்ப் பரிசல்காரர்கள்.

இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு அறிவியல் பெயரே தெளிவாக இல்லாமல் இருந்தது. முதுகில் திமிலுடைய காவிரி மாசீர், ஆய்வாளர் ரெமா தேவியின் பெயரைத் தாங்கும் டார் ரெமாதேவியி என்ற இனம் என்று 2018-இல்தான் உறுதியானது. அதே ஆண்டில் அது மிக அருகிவரும் இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அணைகள், மணல் கொள்ளை, வெடிவைத்துப் பிடித்தல் ஆகியவற்றோடு, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீரும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நல்லெண்ணத்தில் செய்த காரியமே கேடாக முடிந்தது. பெருந்தண்ணீர் காலம்தான் மாசீர் முட்டையிட மேலேறும் காலமும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆகவே காவிரியில் திமில் மாசீரைத் தூண்டிலில் பார்க்கும் ஆசையை இந்தத் தலைமுறை விட்டுவிடுவதே நேர்மை.

இதனால் கலை குறைந்துவிடாது. மாசீருக்காகக் கற்ற ஆற்று வாசிப்பு முழுவதும் பரிசல்காரரின் கையில் இன்னும் இருக்கிறது. ஆனால் வளர்ப்பு மீன் மலிவாகிவிட்டது. சுற்றுலாச் சவாரியில் காசு சீக்கிரம் கிடைக்கிறது. ஓட்டத் தண்ணீரில் பரிசலை நிறுத்தத் தெரிந்த கைகளுக்கு மதிப்பும் கூலியும் கிடைக்காவிட்டால் அவை அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஒகேனக்கல் போகிறவர்கள் தடை நாளில் பரிசலைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அனுமதி உள்ள நாளில் உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். நடு ஆற்றில் சுற்றிவிடச் சொல்வதற்குப் பதிலாக, ஓட்டத்துக்கு நடுவே பாறை மறைவில் பரிசலை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பின் பேசிய கூலிக்கு மேல் கொடுங்கள்.