சீதனக் கதைகளும் சீதனக் கணக்கும்

சீதனத்தைச் சாடும் சிறுகதைகளுக்கு நம் சஞ்சிகைகளில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அவற்றின் அமைப்பும் நாம் நன்கறிந்ததே. ஏழைத் தந்தை ஏங்குகிறார். மாப்பிள்ளையின் தாய் பேரம் பேசுகிறாள். இறுதிப் பக்கத்தில் இலட்சிய இளைஞன் ஒருவன் தோன்றி, "எனக்குச் சீதனம் வேண்டாம்" என்று முழங்குகிறான். வாசகர் கண் கலங்குகிறார், கதை முடிகிறது.

மாம்புரியில் நம் வகுப்பில் அத்தகைய கதையொன்றைப் படித்துக் காட்டினோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், அவர் வேண்டாமென்று சொன்ன வீடும் தோட்டமும் பிறகு யாருக்குப் போகும்?"

விடை எளிது: அவளுடைய சகோதரனுக்கு. ஆனால் இந்த வினா கதாசிரியருக்கு எழவில்லை. விமரிசகராகிய நமக்கும் அதுவரை எழவில்லை.

சட்ட நூல்களைப் புரட்டினால் மாணவியின் ஐயம் நியாயமானதே என்பது புலப்படும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட தேசவழமையின் பழைய விதிப்படி, சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்க முடியாது. அதாவது, சீதனமே அவளது பங்கு. முஸ்லிம் மக்களிடையே, சகோதரர் இருப்பின் மகனுக்குரியதில் பாதியே மகளுக்கு உரியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ கைக்கூலி என்னும் நம் பேச்சுச் சொல்லையே எடுத்தாண்டு, மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள் என்று அதற்கு விளக்கம் தருகிறது. உரிமை அவளுடையது; வாங்கும் கை அவனுடையது! அதை மீளப்பெறக் காதி நீதிமன்றத்தை நாடலாம் என்று வழிகாட்டிய அதே சட்டம், இயற்றப்பட்டபோது, திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை.

இத்தகைய கணக்கை இலக்கியமாக்க இயலாது என்பாரும் உளர். 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" நாவலை அவர்கள் படிக்கட்டும். பென்னட் குடும்பத்தில் ஐந்து பெண்கள். சொத்தோ ஆண்வழி உறவினனான கொலின்சுக்கு. அந்தக் கொலின்சையே இருபத்தேழு வயதுச் சார்லட் லூக்காஸ் மணக்கிறாள், காதலால் அன்று, ஒதுங்க ஒரு வீடு வேண்டும் என்பதால். ஆசிரியை அவளைப் பழிக்கவும் இல்லை, புனிதையாக்கவும் இல்லை. அவள் போட்ட கணக்கை மறைக்காமல் நம் முன் வைத்தார், அவ்வளவே. முற்போக்காளர் எனப் பெயர் பூண்ட நம் கதாசிரியர்கள் இதைச் செய்யத் தவறினர்.

அவர்களது குறைகள் இரண்டு. முதலாவது, பொருளாதார உறவைத் தனிமனிதக் குணக்கேடாகச் சுருக்கியமை. பேராசைக்காரியாகச் சித்திரிக்கப்படும் அந்த மாமியாருக்கும் மணமாகாத மகள் இருக்கலாம். மகனுக்கு வாங்கும் பணம் மகளுக்குக் கொடுக்கும் பணமாகிறது. இக்கரையில் வள்ளத்தின் இயந்திரம் அடகுக்குப் போவதும், வெங்காய விளைச்சல் முன்கூட்டியே கடனுக்கு எழுதப்படுவதும், தாயோ மூத்த மகளோ வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குச் செல்வதும் இந்தச் சுழற்சிக்காகவே. இரண்டாவது, பெண்ணைப் பேசவிடாமை. கொடுப்பவர் தந்தை, மறுப்பவன் இளைஞன்; அவளோ கண்ணீர் மட்டும் சிந்துகிறாள்.

அவ்வாறாயின் நாம் சீதனத்துக்கு வக்காலத்து வாங்குகிறோமா? ஒருபோதும் இல்லை. பெண்ணை விலைப்படுத்தும் வழக்கம் ஒழிந்தே தீர வேண்டும். ஆனால் தியாகத்தால் மட்டும் அது ஒழியாது. 1929ஆம் ஆண்டுச் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரியது. இந்தியாவில் வரதட்சணைத் தடைச்சட்டம் 1961இல் வந்தது. பூர்விகக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலுமே சட்டமாயிற்று. தடை முந்தியது, பங்கு பிந்தியது. வழக்கமோ இன்றும் சாகவில்லை.

சொத்தில் சம பங்கு, தன் உழைப்பின் ஊதியம், தன் திருமணப் பதிவில் தன் கையொப்பம்: இம்மூன்றும் உடையவளே துணையைத் தேர்ந்தெடுக்கிறாள்; இல்லாதவள் தேர்ந்தெடுக்கப்படுகிறாள்.

இனிச் சீதனக் கதை எழுதுவோர் அந்தப் பின்வரிசை மாணவியை நினைவிற் கொள்ளட்டும். இலட்சிய இளைஞனின் முழக்கம் கேட்டுக் கைதட்டாமல், வீட்டுறுதி யார் பெயரில் இருக்கிறது என்று அவள் கேட்கிறாள்.