நோயும் இதழும்: ஆத்மாநாம், கோபிகிருஷ்ணன் எழுத்துகளை முன்வைத்து

நோயுற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் அனுபவங்களைத் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, அறிந்தவரிடையே வழங்கும் சிற்றேடுகள் மேலைநாடுகளில் தனி வகையாக ஆராயப்பெறுகின்றன. இவற்றிற்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்கது, அமெரிக்காவின் யுடிக்கா மனநலக் காப்பகத்தில் 1851 முதல் 1860 வரை வெளிவந்த 'ஓபல்' என்னும் இதழ். எழுதியோரும் தொகுத்தோரும் நோயாளிகளே. அச்சுக்கூடமோ காப்பகத்தினுடையது. காப்பகத்தைக் குறைகூறி எழுத அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்னும் ஐயம் இதனால் எழுகிறது. எனவே, எழுதியவர் யார் என்பதோடு இதழ் எவர் கையில் இருந்தது என்பதும் நோக்கத்தக்கதாகும். இந்தியாவில் பார்கவி தாவர் நிறுவிய புணே பாபு அறக்கட்டளையின் 'ஆயினா' செய்திமடல் மனநல உரிமைக்கெனவே நடத்தப்பெற்றது. தமிழில் இவ்வினாவைச் சிற்றிதழ் மரபினுள் வைத்தே காண வேண்டியுள்ளது.

ஆத்மாநாம் (1951–1984) 1978-இல் 'ழ' இதழைத் தொடங்கினார். அது கவிதை இதழ். நோயைப் பேச எழுந்ததன்று. எனினும் அவ்விதழை நடத்திய ஆண்டுகளிலேயே அவர் மனநோய்க்குச் சிகிச்சையும் பெற்றுவந்தார். நோயாளி என்று பிறரால் குறிக்கப்பெற்ற அதே மனிதர், பிறர் கவிதைகளைத் தேர்ந்து அச்சேற்றும் ஆசிரியராகவும் விளங்கினார். அவரைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் அவர் மரணத்திலிருந்து பின்னோக்கிச் செல்கின்றன. நகர வாழ்வையும் அரசியலையும் எள்ளும் கவிதைகள்கூட நோயின் அறிகுறிகளாகப் படிக்கப்படுகின்றன. இது திறனாய்வு அன்று; இறந்தவருக்கு எழுதப்படும் மருத்துவக் குறிப்பு.

இப்பிழைக்கு நூல்வடிவமும் ஒரு காரணம் எனலாம். தில்லி ஜனக்புரியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குகிறது. அத்தகைய பள்ளியில் தமிழ் பயின்று ஆய்வுக்கு வரும் ஒருவர் ஆத்மாநாமை அறிவது, பிரம்மராஜன் பதிப்பித்த 'ஆத்மாநாம் படைப்புகள்' (2002) போன்ற தொகுப்பின் வழியாகவே இருக்கும். அப்பதிப்பு இல்லையெனில் பல கவிதைகள் அவர் கைக்கு எட்டா. ஆனால் ஒரு கவிதை இதழில் யார் கவிதைக்கு அடுத்து நின்றது, எந்த மொழிபெயர்ப்போடு சேர்ந்து வந்தது என்பவற்றைத் தொகுப்பு காட்டாது. நண்பர்களோடு உரையாடிய குரல் நூலில் தனிக்குரலாகிவிடுகிறது. தனிக்குரலை நோயின் குரலாகக் கேட்பது எளிது.

கோபிகிருஷ்ணனின் (1945–2003) நிலை வேறு. உளவியலும் சமூகப்பணியும் பயின்ற அவர், தம் மனநலச் சிக்கல்களை வெளிப்படையாகவே எழுதியவர். அவர் கதைமாந்தர் மாத்திரை உண்போர் மட்டுமல்லர். வேலை இழப்போர், கடன் கேட்போர், மனைவியின் பொறுமையை எண்ணிக் கூசுவோர். வறுமைக்கும் நோய்க்கும் இடையே அவர் கோடு கிழிக்கவில்லை. தன்னிரக்கம் தலைகாட்டும் இடத்தில் ஒரு நகைச்சுவை வந்து நிற்கும். மருத்துவச் சொற்களை அவர் மிகுதியாகக் கையாள்வது சிற்சில இடங்களில் சலிப்பூட்டுவது உண்மையே. எனினும் அச்சொற்கள் தம்மையே அளக்கப் பயன்படுவதால் அதிகாரம் இழக்கின்றன.

'உள்ளேயிருந்து சில குரல்கள்' நாவலில் இச்சமநிலை சற்றுத் தளர்கிறது. மனநோயாளிகளின் கூற்றுகளால் ஆன அந்நூலில், குரல்கள் உள்ளிருப்போருடையன. வரிசைப்படுத்திய கை எழுத்தாளருடையது. 'ஓபல்' குறித்து எழும் ஐயம் இங்கும் எழவே செய்கிறது. அக்கை தானும் நோயை அறிந்த கை என்பது ஒன்றே வேறுபாடு.