எல்டிஸ்பைஸ்: விலையும் இல்லை, மூலநிரலும் இல்லை

பவர் சப்ளை வடிவமைக்கும் பொறியாளர்களில் எல்டிஸ்பைஸைத் தொடாதவர்கள் குறைவு. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் மைக் எங்கல்ஹார்ட் எழுதிய இந்த மின்சுற்றுச் சிமுலேட்டருக்கு விலை கிடையாது. சுற்று இவ்வளவுதான் பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பும் கிடையாது. மூலநிரலை மட்டும் கம்பெனி வெளியே விட்டதில்லை.

இலவசத்தின் காரணம் எளிது. கம்பெனி விற்பது சிப்பை. தன் ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்கு எந்த இண்டக்டர், எவ்வளவு கெபாசிட்டர் பொருந்தும் என்று போர்டு செய்வதற்கு முன்பே திரையில் பார்த்துவிட்டவர், பெரும்பாலும் அதே சிப்பைத்தான் வாங்குவார். பொருள் உற்பத்திக்குப் போனால் சிப் ஆயிரக்கணக்கில் விற்கும். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போட்டிக் கம்பெனிகளுடைய சிப்புகளின் மாடல்களையும் எல்டிஸ்பைஸ் ஓட்டிக் காட்டுகிறது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

மூடி வைத்திருப்பதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. சிப்பின் மாடலைத் திறந்தால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு உத்தி போட்டியாளர் கைக்குப் போய்விடும். அதை மறையாக்கி வைப்பது நியாயம். சமன்பாடுகளைத் தீர்க்கும் எஞ்சின் அப்படியல்ல. அதன் வேர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1970களில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் என்ற சிமுலேட்டரை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வழிவிட்டதில் அவருடைய பேராசிரியர் டொனால்டு பெடர்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. பொதுவில் பிறந்த ஒன்றை மேம்படுத்திய பிறகு பூட்டுவதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் அது பெடர்சனின் வழி இல்லை.

பூட்டின் விலையை நடுவழியில் நின்றுபோகும் சிமுலேஷன் ஓட்டத்தில் பார்க்கலாம். 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' என்று ஒரு செய்தி வரும். தவறு சுற்றிலா, மாடலிலா, எஞ்சினிலா? பொறியாளர் டாலரன்ஸைத் தளர்த்திப் பார்ப்பார், எங்காவது சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிப் பார்ப்பார். ஓட்டம் சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. திறந்த நிரல் சிமுலேட்டரான என்ஜிஸ்பைஸில், பொறுமை இருந்தால், தீர்வு முறை எந்த இடத்தில் தடுமாறியது என்று தேடிப் போகலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்டிஸ்பைஸின் சுற்றுப்படக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு கம்பியும் நான்கு எண்களோடு ஒரு வரியாக நிற்கும். ஆகவே வரைந்தவரின் உழைப்பு பிணைக்கைதி ஆவதில்லை. எல்லா இலவச மென்பொருளும் இப்படி இல்லை. ஆட்டோடெஸ்க் 2020இல் தன் வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷன் 360இன் இலவசப் பயனர்களை, ஒரே சமயத்தில் திருத்தக்கூடிய 10 கோப்புகளோடு நிறுத்தியது. ஸ்டெப் வடிவ ஏற்றுமதியையும் பறிப்பதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின்தான் விட்டுக்கொடுத்தது.

லீனியர் 2017இல் அனலாக் டிவைசஸ் வசமானது. பின்னர் வெளியேறிய எங்கல்ஹார்ட், கோர்வோ நிறுவனத்துக்காக எழுதிய கியூஸ்பைஸ் சிமுலேட்டர் 2023இல் வெளிவந்தது. அதுவும் இலவசம், அதுவும் மூடிய நிரல். அனலாக் டிவைசஸ் எல்டிஸ்பைஸை இன்றும் புதுப்பித்து வருகிறது. அது கைவிடும் நாளில் எஞ்சினின் ஒரு பிழையைக்கூட வெளியாள் திருத்த முடியாது. மாடல்கள் பூட்டியே இருக்கட்டும். எஞ்சினையாவது கம்பெனி இப்போதே திறக்க வேண்டும்.