427 என்ற எண்: ரெப்ளிகா கோப்ராவும் ஒரு எஞ்சின் ரெசிப்பியும்

அமெரிக்காவில் இருக்கும் என் கல்லூரி நண்பன், ஷெல்பி கோப்ராவின் ரெப்ளிகா கிட் ஒன்றை வாங்கி வீட்டு கேரேஜிலேயே பூட்டிக்கொண்டிருக்கிறான். பத்து வருஷ சேமிப்பு. சேஸிஸ், பாடி எல்லாம் வந்துவிட்டது, எஞ்சின்தான் பாக்கி. எஞ்சின் கட்டித் தருபவர் கொடுத்த எஸ்டிமேட்டை அனுப்பி, "மச்சி, நீ மெக்கானிக்கல்தானே, ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்றான். பி.இ. முடித்த நாளிலிருந்து கோடு மட்டுமே எழுதிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் உட்கார்ந்தேன். ரெண்டு வாரம் ஓடிவிட்டது.

எஸ்டிமேட்டில் இருந்தது இதுதான்: ஃபோர்டு 351 விண்ட்சர் வகை ஸ்மால் பிளாக். சிலிண்டர் விட்டம் 4.125 அங்குலம், ஸ்ட்ரோக் 4 அங்குலம், மொத்தம் 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். ரெப்ளிகா கட்டுகிறவர்களிடம் மிகப் பிரபலமான ரெசிப்பி இது. ஆனால் ஏன் சரியாக 427? 400 கூடாதா, 420 கூடாதா?

காரணம் பேட்ஜ். 1965-ல் வந்த பெரிய கோப்ராவில் இருந்தது ஃபோர்டின் 427. அது எஃப்.இ. குடும்பத்து பிக் பிளாக், கனமான இரும்பு எஞ்சின். இன்று அதன் பாகங்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், விலையும் அதிகம். அதனால் சின்ன பிளாக்கில் நீளமான ஸ்ட்ரோக் கொடுத்து அதே எண்ணைக் கொண்டுவருகிறார்கள்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அசல் 427-ன் விட்டம் 4.23, ஸ்ட்ரோக் 3.78. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்துப் பெருக்கினால் வருவது சுமார் 425! 427 இல்லை. நண்பனின் எஞ்சினுக்குப் போட்டால் 427.6. நகல்தான் பெயருக்கு உண்மையாக இருக்கிறது. இன்னும் வேடிக்கை, அந்தக் காலத்தில் 427 என்று விற்ற கோப்ராக்களிலேயே ஒரு பகுதிக்கு விலை குறைந்த 428 எஞ்சினைத்தான் போட்டார்கள். அந்த 428-க்குக் கணக்குப் போட்டால் (விட்டம் 4.13, ஸ்ட்ரோக் 3.98) 426.5 வருகிறது. ஆக 427 என்பது 425, 428 என்பது 427. எல்லாரும் துரத்துகிற புனித எண், அது பிறந்த இடத்திலேயே ஒரு லேபிள்தான்.

இந்த ரெசிப்பியில் நல்லது இல்லாமல் இல்லை. எஃப்.இ. இரும்பு எஞ்சினைவிட எடை குறைவு. நல்ல அலுமினிய ஹெட் போட்டால் 500 குதிரைத்திறன் பெரிய விஷயமே இல்லை. பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும். என் பிரச்சினை வேற. எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, எஞ்சினை அதற்கேற்ப இழுத்திருக்கிறார்கள்.

351-ன் பிறவி ஸ்ட்ரோக் 3.5 அங்குலம். அதை 4 ஆக்கும்போது 6000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20.3 மீட்டர். கனெக்டிங் ராடு நீளம் 6.2 அங்குலம் என்றால் அது அதிகபட்சம் 18.8 டிகிரி சாய்கிறது. சாய்வு கூடக் கூட பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுவதும் கூடும். விட்டத்தை 4-லிருந்து 4.125 ஆகக் குடைவதற்குப் பழைய 351 பிளாக்கில் சுவரே போதாது, தடித்த புது பிளாக்தான் வாங்கணும். எஸ்டிமேட்டில் தொகை எகிறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். கரோல் ஷெல்பி 1959-ல் லெ மான்ஸ் ஜெயித்தவர். இதய நோயால் பந்தயத்தை விட்ட பிறகு, இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனி செய்த ஏஸ் என்ற லேசான காரில் ஃபோர்டின் புது ஸ்மால் பிளாக்கைப் போட்டுப் பார்த்தார். 260 கன அங்குலம், பிறகு 289. ஒரு டன்னுக்கும் குறைவான காரில் சின்ன, லேசான வி8. கோப்ரா என்ற யோசனையே அதுதான். அதே 289 எஞ்சினை பீட் பிராக் வடிவமைத்த டேடோனா கூப்பேயில் வைத்து, 1964 லெ மான்ஸில் ஜி.டி. பிரிவை வென்றார்கள். 1965-ல் உலக ஜி.டி. சாம்பியன்ஷிப்பும் வந்தது. எல்லாம் ஸ்மால் பிளாக்.

427 பந்தயக் கார் என்ன ஆனது? அனுமதிக்குத் தேவையான 100 கார்களைக் காலத்துக்குள் செய்து முடிக்க முடியாததால், எந்தப் போட்டிக்காகச் செய்தார்களோ அதில் ஓடவே முடியவில்லை. விற்காமல் நின்றவற்றைச் சாலைக்கு மாற்றி எஸ்.சி. என்று விற்றார்கள். இன்று பெரும்பாலான ரெப்ளிகாக்கள் நகலெடுப்பது அந்த அகன்ற உடம்பைத்தான். ஜெயித்த காரை விட்டுவிட்டு, தேங்கி நின்ற காரை நகலெடுக்கிறோம்!

மென்பொருளில் இதை நிறைய பார்த்திருக்கிறேன். பழைய சிஸ்டத்தைத் திருப்பி எழுதும்போது திரையில் தெரிவதை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுவோம். அது ஏன் அப்படி இருந்தது என்ற காரணம் தொலைந்துபோயிருக்கும்.

அதனால் நண்பனுக்கு நான் எழுதியது இது. 302 பிளாக்கை எடு. விட்டம் 4.03, ஸ்ட்ரோக் 3.25. வருவது 331 கன அங்குலம். 351-ஐவிட பிளாக் 1.3 அங்குலம் குட்டை, எடையும் குறைவு, முன்சக்கரத்தில் பாரம் குறையும். 6500 ஆர்.பி.எம்.மில்கூட பிஸ்டன் வேகம் நொடிக்கு 17.9 மீட்டர்தான். 400 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள். ஏனென்றால் சாதாரண 302 பிளாக் 500-ஐ நெருங்கும்போது நடுவாக்கில் பிளந்துபோகும் ஆபத்து உண்டு. ஒரு டன் சொச்ச காருக்கு 400 ஏகம். 90 அங்குல வீல்பேஸ் கொண்ட காரில் பின் டயர் அதையே தாங்கத் திணறும்.

ஃபோனில் கேட்டான்: "எல்லாம் சரிடா. கார் ஷோவுல நாலு பேர் வந்து எஞ்சின் என்னன்னு கேப்பான். பேட்ஜ்ல 427னு இல்லன்னா மூஞ்ச திருப்பிட்டுப் போயிடுவான். நான் என்ன நம்பர் போடுறது?"

அவன் பணம், அவன் கார், முடிவும் அவனுடையதுதான். கேட்டதால் சொன்னேன்: "331னு போடு. கணக்குப் போட்டுப் பாத்தாலும் அதே நம்பர் வரும்."