கற்ற கிளைமொழியில் ஒரு பாடல் தொகுதி: ஜாக் எலியட்டின் லண்டன் இசைத்தட்டு

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ராம்ப்ளிங் ஜாக் எலியட்டின் 'ராம்ப்ளிங் ஜாக் எலியட் இன் லண்டன்' என்னும் இசைத்தட்டு 1959இல் பிரித்தானியாவில் கொலம்பியா பெயரில் வெளிவந்தது. அமெரிக்க மேற்குப் பகுதியின் கௌபாய் பாடல்கள் பல இதில் உள்ளன. இசை ஆர்வலர் இதனை அவருடைய இளமைக்காலச் சாதனையாகப் போற்றுவர். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை வேறொரு நோக்கில் அணுக வேண்டியுள்ளது. ஒரு தொழிற்குழுவின் பாடலை அக்குழுவைச் சாராத ஒருவர், அந்நிலத்துக்கு அப்பால் நின்று பாடிப் பதிவுசெய்யும்போது, அப்பதிவு எதற்குச் சான்றாகும் என்பதே இங்கு எழும் வினா.

எலியட் 1931இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் யூத மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் எலியட் சார்லஸ் அட்னோபோஸ். பதினைந்தாம் வயதில் வீட்டைவிட்டு ஓடி ரோடியோக் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கிருந்தது மூன்று மாதத்திற்கும் குறைவே. பின்னர் 1951 முதல் வுடி கத்ரியுடன் பழகி, அவரது பாடும் முறையையும் பேச்சையும் ஒருசேரப் பயின்றார். 1955இல் ஐரோப்பா சென்று, லண்டனில் டாபிக் நிறுவனத்துக்காகப் பாடிப் பெயர் பெற்றார். ஆக, இவ்விசைத்தட்டில் ஒலிக்கும் மேற்கத்தியக் கிளைமொழி அவருக்குத் தாய்வழி வந்ததன்று. முயன்று கற்ற இரண்டாம் கிளைமொழி.

இதைக் கொண்டு அவரைப் போலி என ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் பாடல்மொழிக்கும் பேச்சுமொழிக்கும் உள்ள இடைவெளியை மறந்தவராவர். சான்றாக, ஆங்கிலக் கதைப்பாடல்களில் தொழிற்பெயர் வடிவின் முன் வரும் 'அ' என்னும் ஒட்டைக் கூறலாம். பழைய ஆங்கில முன்னிடைச்சொல் ஒன்று தேய்ந்து எஞ்சிய வடிவம் இது. கௌபாய் பாடல்களில் அடிக்கடி வருவதால், கௌபாய்கள் எல்லாரும் அன்றாடம் இவ்வாறே பேசினர் என முடிவு செய்தல் பொருந்தாது. யாப்பின் அசைக்குறையை நிரப்பவும் இவ்வொட்டு உதவுகிறது. மண்ணின் மைந்தர் பாடினாலும் பாடல்மொழி ஓரளவு கற்ற மொழியே. எலியட்டிடம் அக்கற்றல் வெளிப்படையாகத் தெரிகிறது, அவ்வளவே வேறுபாடு.

சொற்களை நோக்கினால் 'தூய மரபு' என்னும் கருத்து மேலும் தளர்கிறது. கௌபாய் தொழிற்சொற்களிற் பல ஸ்பானியத்திலிருந்து வந்தவை. 'லா ரெயாத்தா' என்பதன் சுட்டிடைச்சொல் பெயரோடு ஒட்டி 'லாரியட்' என்றாயிற்று. 'எஸ்தாம்பிதா' முதல் உயிரை இழந்து 'ஸ்டாம்பீடு' ஆயிற்று. 'வக்கேரோ' என்பதன் முதலெழுத்து ஸ்பானிய ஒலிப்பில் பகரத்தை ஒத்தமையின் 'பக்கரூ' எனத் திரிந்தது. மெக்சிகோ மாட்டுத் தொழிலாளர் கற்பித்த தொழில் இது. 1860களின் இறுதி முதல் டெக்சஸிலிருந்து கான்சஸுக்கு மந்தை ஓட்டியோருள் கறுப்பினத்தவரும் பலர் இருந்தனர். எலியட்டின் குரலில் கேட்கும்போது, கௌபாய் என்றால் தனித்துத் திரியும் வெள்ளை இளைஞன் என்ற படிமமே கேட்போர் மனத்தில் எழுகிறது. இத்தட்டின் உண்மையான குறை இதுவே என்பது என் கருத்து. பாடகரின் பிறப்பிடத்தைக் குறை கூறுவோர் இதைக் காண்பதில்லை.

தொகுதியிலுள்ள 'ரஸ்டி ஜிக்ஸ் அண்ட் சாண்டி சாம்' தனித்து ஆராயத்தக்கது. குடித்துவிட்டு வரும் இரு கௌபாய்கள் சாத்தானையே கயிறு வீசிப் பிடித்துச் சூடுபோடும் நகைச்சுவைக் கதை அது. வாய்மொழியாகப் பரவியதால் பலரும் இதனை ஆசிரியர் பெயரற்ற மரபுப் பாடலாகவே கொண்டனர். உண்மையில் அரிசோனா மாநிலத்துப் பிரெஸ்காட்டைச் சேர்ந்த கெயில் கார்ட்னர் 1917இல் எழுதிய கவிதை இது. அவர் இட்ட தலைப்பு 'தி சியரி பீட்ஸ்'. ஊரருகே உள்ள 'சியரா பிரியேத்தா' என்னும் ஸ்பானிய மலைப்பெயர் உள்ளூர் நாவில் அவ்வாறு சிதைந்தது. பிற பகுதிப் பாடகர்க்குப் 'பீட்ஸ்' பொருள்படவில்லை. ஆகவே சிலர் அதனைச் சிகரம் எனப் பொருள்படும் 'பீக்ஸ்' ஆக்கினர். கதைமாந்தரான பஸ்டர் ஜிக்கும் சாண்டி பாபும் ரஸ்டி ஜிக்ஸ், சாண்டி சாம் என உருமாறினர். நாட்டார் சொற்பிறப்பாக்கத்திற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. எழுதியவர் வாழ்ந்திருக்கும்போதே ஒரு பனுவல் வாய்மொழியாயிற்று என்பதும் நோக்கத்தக்கது.

இனி, பயன்பாட்டுச் சூழல். இரவுக் காவற்பாடல் மேடைக்குரியதன்று. கௌபாய்கள் உறங்கும் மந்தையைக் குதிரையில் எதிரெதிர்த் திசையில் சுற்றிவந்து, மாடுகள் மிரண்டு ஓடாதிருக்கப் பாடினர். பாட்டின் நடை குதிரையின் மெல்நடையைத் தழுவியது. மந்தையைச் சுற்றிவருவோன் கையில் கிதாருக்கு இடமேது? எலியட்டின் கிதார் பிற்காலத் திரைப்படமும் இசைத்தட்டும் உருவாக்கிய மரபு. அவர் அதனை அடக்கமாகவே மீட்டுகிறார் என்பது உண்மை. எனினும் கேட்போர் இதனைப் பழைய ஒலி என மயங்கலாகாது.

'கிட் அலாங் லிட்டில் டோகீஸ்' தன்னுடையதல்லாத குழந்தையைத் தொட்டிலாட்டும் கிழவனைப் பற்றிய அயர்லாந்துப் பாடலோடு உறவுடையதென ஆய்வாளர் காட்டியுள்ளனர். தொட்டில் போய் மந்தை வந்தது. பிறர் குழந்தை தாயற்ற கன்றாயிற்று. அட்லாண்டிக் கடந்து சென்ற அப்பாடல் எலியட்டின் வாயிலாக லண்டன் திரும்பியபோது, அங்கே அது அயல்நாட்டுப் பாட்டாகவே கேட்கப்பட்டது.

இப்பாடல்களைத் தமிழாக்க முனைவோர்க்குச் சில சொல்ல வேண்டும். 'ஆயர்' என்ற சொல் குழலையும் கண்ணனையும் உடன் அழைத்து வரும். கௌபாயோ பிறருடைய மாட்டைக் கூலிக்கு ஓட்டிச் செல்பவன். எனவே 'கௌபாய்' என்றே வைத்தல் நன்று. 'டோகி'யின் சொற்பிறப்பு இன்னும் உறுதிப்படவில்லை. பொருள் தாயற்ற கன்று என்பதில் ஐயமில்லை. காதால் மட்டும் கேட்டு எழுதுவோர் அதை நாய்க்குட்டியாக்கிவிடக்கூடும். 'ஓல்ட் பெயின்ட்' என்பதைப் 'பழைய வண்ணம்' என்பது பிழையினும் பிழை. அது திட்டுத்திட்டான நிறமுடைய குதிரை. நம் மாட்டு வழக்கில் செம்மறை, கருமறை என வரும் 'மறை' இதற்குப் பொருந்தும். 'ஓல்ட்' இங்கு வயதைக் குறியாது, உரிமைப் பரிவைக் குறிக்கும். அதற்கு 'என் மறைக்குதிரை' என்ற உடைமைச்சொல் போதும். மாட்டை அதட்டும் ஒலிக்குறிப்புகளைப் பெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே தகும். சாத்தான் பாடலைத் தொகுப்பில் சேர்ப்போர் 'மரபுப் பாடல்' என்ற குறிப்பை நீக்கிக் கார்ட்னரின் பெயரையும் 1917 என்ற ஆண்டையும் தலைப்பின் கீழ் அச்சிட வேண்டும்.